துடியலூரில் ஹவுஸ்ஃபுல்

ஆர்.எஸ்.புரத்தில், ஆபரேட்டர் அங்கப்பனின் தியேட்டரில் படுத்துவிட்ட இந்திப் பழிவாங்கல் படம், அதே ரீல் பெட்டி துடியலூர் போனதும் ஹவுஸ்ஃபுல். வயிறெரிந்து அங்கப்பன் அங்கே நேரிலேயே போய்விட்டார்.

"ஏனுங்க ஜெரோமு, கோட்டு, கூலிங்கிளாஸ் தவிர அந்தப் படத்துல என்ன இருக்குதுங்க? ஹீரோ எதுக்குக் கொல்றான்னே எங்க ஜனத்துக்குப் புரியலீங்க."

துடியலூர் ஆபரேட்டர் ஜெரோம் சிரித்தார். "இங்க இந்தி தெரியாதவங்களுக்கே புரியுதுங்ணா. முதல்ல தங்கச்சியக் கொன்னுபோடறாங்க..."

"முதல்லயா?"

"ஆமாங்ணா. அதுக்குத்தான பழிவாங்கறான்?"

தங்கை சாகும் ஃபிளாஷ்பேக் ரீல் உண்மையில் கடைசியில்தான் வரும்.

தன்னிடம் ஓடாத படம் ஜெரோமிடமும் ஓடிவிடக் கூடாதென்று, ரீல் டப்பாக்களின் நம்பரை மாற்றி எழுதி அனுப்பியவரே அங்கப்பன்தான்.