இரண்டு கிடாக்கள், ஒரு கரண்டி

உத்தனப்பள்ளிச் சாலையோர ஆட்டுப் பண்ணையின் தகரக் கொட்டகைக்குள் காலை வெயில் சாய்வாக விழுகிறது. வைக்கோல் மேல் இரண்டு கிடாக்கள் படுத்துக் கிடக்கின்றன. சற்று முன்புதான் இரண்டுக்கும் விதையை அறுத்தெடுத்தாயிற்று. தொடையிடுக்கில் டிஞ்சரின் பழுப்புக் கறை. தீனி வைக்கும் கெம்பம்மா முந்தானையால் ஈயை விரட்டிக்கொண்டே இருக்கிறாள். கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டிய கிடாவுக்கு மழைக்காலம் முழுக்கத் தினமும் ஒரு கரண்டி கோதுமை முளை எண்ணெய். கயிறில்லாததற்கு ஒரு சொட்டும் கூடாது. இது கால்நடை டாக்டர் சேஷகிரியின் உத்தரவு. எண்ணெய் குடித்த கிடாவின் விதையில் கொழுப்பு கெடாமல் நிற்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இத்தனையும். ஜன்னலோரம் நின்று அவர் இரண்டு கண்ணாடிக் குப்பிகளுக்கும் சீட்டு ஒட்டுகிறார். ஸ்பிரிட்டில் மூழ்கிய விதைகள் நுங்கு போல வெளுத்திருக்கின்றன. கெம்பம்மா கரண்டியில் ஒட்டியிருந்த மிச்ச எண்ணெயை உதற, கரண்டியை டப்பா விளிம்பில் தட்டுகிறாள். அந்தச் சத்தத்துக்குச் சிவப்புக் கயிற்றுக் கிடா தலையைத் தூக்கி வாயைத் திறக்கிறது. கூடவே, கயிறில்லாததும் தலையைத் தூக்கி வாயைத் திறக்கிறது. டாக்டரின் விரலில் பசை காய்கிறது. "கெம்பம்மா?" என்கிறார். அவள் நிமிரவில்லை. "ஒண்ணு வாயப் பாத்துக்கினு நிக்கறப்போ, இன்னொண்ணுக்கு மட்டும் எப்படி சாமி ஊத்தறது?" அவர் குப்பிகளைப் பார்க்கிறார். ஆறாத புண்ணோடு கிடாக்கள் இரண்டும் அவள் கைக் கரண்டிக்காக வாயைத் திறந்தபடியே காத்திருக்கின்றன.