கண்ணை மூடிக்கொண்டு பார்த்த படம்

“எல்வுட் அண்ணே, கொஞ்சமாவது சூடு சொரணை இருக்கா உங்களுக்கு?”

தியேட்டர் வாசலில், கையிலிருந்த தட்டியைக் குறுக்கே நீட்டி வழியை மறித்தாள் கோரா. சர்ச்சில் பாடுகிறவள், குரல் தெருக்கோடி வரை போகும். கறுப்பர்கள் வாழும் சென்ட்ரல் அவென்யூவில் போவோர் வருவோரெல்லாம் நின்று பார்த்தார்கள். ‘எங்கள் இனத்தைக் கேலி செய்யும் கார்ட்டூனை நிறுத்து’ என்றது தட்டி.

எல்வுட் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். பிறகு ஒதுங்கிப்போய் டிக்கெட் வாங்கினார்.

“வெள்ளைக்காரன் நம்ம மூஞ்சியில கரியைப் பூசுறான். இவரு காசு குடுத்துப் பார்த்துட்டு வர்றாரு பாருங்கடீ!” கூட நின்ற பெண்களிடம் கத்தினாள் கோரா.

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

உள்ளே கார்ட்டூன் ஆரம்பமாகியிருந்தது. மெயின் படம் எதுவானாலும் முன்னால் இதைத்தான் ஓட்டினார் மானேஜர், ஜனங்கள் சிரிக்கிறார்களே!

குளத்துக்குள் ஒரு ஜாஸ் கிளப். அட்டைக்கரியாகத் தவளைகள். தூங்கி வழிகிற தவளை, கோழி திருடுகிற தவளை, டிரம்பெட் ஊதி ஊதி உதடு டயர் மாதிரி வீங்கிய தவளை. அத்தனைக்கும் எல்வுட்டின் முகம், கோராவின் முகம்.

மஞ்சள் கவுன் போட்ட பெண் தவளை ஒன்று மேடையேறியது. எல்வுட் கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு வந்தது.

அவருடைய மனைவி ஜெனீவாவின் குரல்.

பாடவைத்தவர்கள் படத்தைக் காட்டவில்லை. ஒரு மைக்கின் முன்னால் நிறுத்தி, கல்யாணப் பெண் ஒருத்தி மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கிறாள் என்றார்கள். ஜெனீவா அதை நம்பி உருகிப் பாடினாள். திரையில் அவள் பேர் கிடையாது. ரேடியோவில் பாடினதில்லை, இசைத்தட்டும் இல்லை. போன மழைக்காலத்தில் அவள் போய்ச்சேர்ந்த பிறகு, பூமியில் அவள் குரல் மிச்சமிருந்தது இந்தத் தவளையின் வாயில்தான்.

சுற்றிலும் சிரிப்பு. அவர் காதைத் தீட்டி, சிரிப்புக்கு அடியிலிருந்து அவளைப் பொறுக்கி எடுத்தார்.

பாட்டு முடியும்போது தவளை மைக்கை விழுங்கி ஏப்பம் விடும். அதற்குமுன் எழுந்துவிட்டார்.

வாசலில் பெண்கள் கட்டிப்பிடித்துக் கொண்டிருந்தார்கள். மானேஜர் இறங்கிவந்துவிட்டாராம். நாளையிலிருந்து அந்தக் கார்ட்டூன் கிடையாது, பிலிம் சுருளையும் திருப்பி அனுப்புகிறார்களாம்.

“ஜெயிச்சுட்டோம்ணே!” என்றாள் கோரா. “முதமுதல்ல இந்த வாசல்ல தட்டி தூக்கிட்டு ஒத்தையா நின்னது யாரு? உங்க ஜெனீவா! மழையில நனைஞ்சுதானே காய்ச்சல்ல விழுந்தா? அவ போயி ஆறு மாசம்கூட ஆகல, நீங்க தினம் அவளைத் தாண்டி உள்ள போறீங்க.”

எல்வுட் திரும்பித் தியேட்டர் கதவைப் பார்த்தார்.

ஜெனீவா ஏன் நின்றாள் என்பது இவர்களில் ஒருத்திக்கும் தெரியாது. சினிமா பார்ப்பதே பாவம் என்கிற சர்ச். யாருக்கும் தெரியாமல், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி வைத்துக்கொண்டு, தன் பாட்டைக் கேட்க ஆசையாய் வந்தவள் அவள். திரையில் தவளையைப் பார்த்தாள். அப்புறம் சமையல்கட்டில்கூட ஒரு வரி பாடியதில்லை. ‘அந்தத் தவளை நான்தான்னு யாருகிட்டயும் சொல்லக்கூடாது’ என்று சாகும்போது சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

“அப்படி அதுல என்னதாண்ணே இருக்கு?” கோராவின் குரல் இறங்கியிருந்தது. உண்மையாகவே கேட்டாள்.

சொன்னால் அவளும் அழுவாள். தோளைத் தொடுவாள். இத்தனை மாதத்தில் அவரை யாரும் தொட்டதில்லை.

“ஒண்ணுமில்ல தாயி,” என்றார் எல்வுட். “சிரிச்சு ரொம்ப நாளாச்சு. அதான்.”