ரிச்சர்டுக்கு ஒரு சால்வை

“கட்டுன புருசனுக்கு ஒரு துண்டு வாங்கித் தந்திருப்பியா? அந்தக் கெழவனுக்குப் பட்டுச் சால்வையாக்கும்!” ஆலங்குடியில் பஸ் ஏறியதிலிருந்து ஆத்மநாதன் பொருமிக்கொண்டே வந்தார்.

“கெழவனா? எழுபது வயசுலயும் ரிச்சர்டு மேடையில என்னமா குதிக்கிறாரு! ஒங்களப் பஸ்ல ஏத்தவே ரெண்டு பேரு வேணும்,” என்றாள் மனைவி சொர்ணவல்லி.

புதுக்கோட்டையில் ராக் கச்சேரி முடிந்ததும், கணவரையும் இழுத்துக்கொண்டு மேடையேறி, பாடகர் ரிச்சர்டுக்குச் சால்வையைப் போர்த்தினாள். ஆத்மநாதனுக்கு வயிறு எரிந்தது.

ரிச்சர்டு சிரித்தபடி அதைக் கழற்றி, “இது ஒங்க வீட்டுக்காரருக்குத்தாம்மா,” என்று ஆத்மநாதன் தோளில் போட்டுவிட்டுப் போனார்.

ஆத்மநாதன் பூரித்துப்போனார். “பாத்தியா? கடைசியில எனக்குத்தான்!”

“மொதல்ல கழட்டுங்க!” பதறினாள் சொர்ணவல்லி. “அதுல அவரு வேர்வை இருக்கு. ஒங்க வேர்வை ஒட்டிக்கிடப் போகுது!”