சிவப்புக் காலணி

எங்கள் நாட்டில் சிவப்புக் காலணி சக்கரவர்த்தி ஒருவருக்குத்தான். தளபதியாக இருந்த என் புருஷன் மரியானோஸுக்கு அது பொறுக்கவில்லை. படையாட்கள் அவரைக் கேடயத்தின் மேல் நிறுத்தித் தூக்கி, "இனி நீங்கதான் சக்கரவர்த்தி" என்று கத்தினார்கள். இவரும் சிவப்பை மாட்டிக்கொண்டு தலைநகரத்துக்குக் கிளம்பினார். தோற்றார். கத்தினவன் ஒருத்தன்கூட, சக்கரவர்த்தியின் ஆட்கள் அவர் கண்களைப் பிடுங்கும்போது பக்கத்தில் இல்லை.

அவர் வீட்டுக்கு வந்த அன்றே அந்தக் காலணியை அடுப்பில் போட்டு எரித்தேன். மறுநாள் காலை அது வாசலில் இருந்தது, புதுத்தோல் வாசனையோடு. மறுபடி எரித்தேன். மறுபடி வந்தது, கொஞ்சம் சின்னதாக. எரிக்க எரிக்கச் சின்னதாகிக்கொண்டே வந்தது.

"ஒரே ஒருதரம் கையில கொடு, தெக்லா. தடவிப் பாத்துட்டுத் தந்துடறேன்."

"கண்ணு போயும் ஆசை போகலையா உங்களுக்கு? வெக்கமா இல்ல?"

இன்று காலை வாசலில் எதுவும் இல்லை. விட்டது சனியன் என்று உள்ளே திரும்பினேன்.

கூடத்தில் எங்கள் ஆறு வயது மகன் வார்தாஸ் நின்றிருந்தான். அவன் காலடியில் மண்டிபோட்டு, இவர் சிவப்பு வார்களை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கயாவது கடிக்குதாடா, ராசா?"

"இல்லப்பா. எனக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு."