கல்லறைப் பிரபு

"அப்பாவை என்னம்மா பண்ணி வெச்சிருக்க?"

நடீன் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஹாலோவீன் அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து பழைய படம் பார்க்கலாம், சோளப்பொரி தின்னலாம் என்று கொலம்பஸிலிருந்து காரோட்டி வந்தவள்.

ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் அப்பா டெல்மர். முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு. கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை. தோளில் தரையைத் தொடும் கறுப்பு அங்கி. எதிரே டிவியில் கறுப்பு வெள்ளைப் பேய்ப் படம். கோட்டைப் படிக்கட்டில் ஒருத்தி மெழுகுவத்தியோடு இறங்கிக்கொண்டே இருந்தாள்.

"என்ன பண்ணிட்டேன்? அவர் துணியை அவருக்குப் போட்டுவிட்டேன்," என்றாள் அம்மா ஆர்டித்.

ஒரு காலத்தில் ஒஹையோவின் ஏரிக்கரை ஊர்களில் டெல்மரைத் தெரியாத பிள்ளை கிடையாது. சனிக்கிழமைதோறும் உள்ளூர் டிவியில் பேய்ப் படம் தொடங்கும் முன் சவப்பெட்டியிலிருந்து எழுந்து வந்து நாலு ஜோக் சொல்லிவிட்டுப் போவார். கல்லறைப் பிரபு என்று பெயர். இப்போது பாதி நாள் அவருக்குத் தன் சொந்தப் பெயரே நினைவில் இருப்பதில்லை.

"போன வருஷம் இதே வேஷத்தை எவனோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தான். என் ஆபீஸ்ல எல்லாரும் பாத்தாங்க. 'கிழவனுக்கு மறை கழண்டுடுச்சு'ன்னு கீழ எழுதியிருந்தான் ஒருத்தன்."

"எழுதினவன் இங்க வந்து மிட்டாய் வாங்கிட்டுப் போனவனாத்தான் இருப்பான்."

"விளையாடாதேம்மா. அவர் நோயாளி. அவரை வெச்சு பொம்மலாட்டம் காட்டற."

ஆர்டித் பதில் சொல்லுமுன் தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதியது. பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கத் தெருவில் இறங்கலாம் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி.

வாசலில் ஒரு எலும்புக்கூடு, ஒரு தேனீ. தேனீயின் இறக்கைக்கு மேல் அதன் அம்மா குளிர்கோட்டை மாட்டிவிட்டிருந்ததால் கொடுக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"வாங்க, வாங்க. பிரபு முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கார்," என்று உள்ளே அழைத்த ஆர்டித், நாற்காலிக்குப் பின்னால் போய் டெல்மரின் காதருகே குனிந்தாள். அவள் உதடு அசைந்தது.

டெல்மர் கையை உயர்த்தினார். குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது.

"என் சவப்பெட்டியில் படுத்துத் தூங்கியது யார்? தலையணை சூடாக இருக்கிறதே."

"நான் இல்ல," என்றது தேனீ. "நான் எங்க வீட்லதான் தூங்குவேன்." ஆர்டித் மறுபடி அவர் காதருகே குனிந்தாள்.

"சீமாட்டியே, உண்மை பேசும் இந்தப் பூச்சிக்கு ரெண்டு சாக்லேட் கொடுங்கள்."

ஆர்டித் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி.

பிள்ளைகள் போனதும் மகளிடம் திரும்பினாள். "பாத்தியா? ஒண்ணும் மறக்கல. அப்பல்லாம் கேமராவுக்குப் பின்னாடி நான்தான் நிப்பேன்."

"நீ காதுல சொன்னே. அவர் திருப்பிச் சொன்னார்."

"முதல் வார்த்தைதான் நான் எடுத்துக் குடுத்தேன். மிச்சம் அவருக்குள்ள இருக்கு."

"இல்லம்மா. உன் ஆசைக்கு அவரைப் படுத்தற. இந்த வருஷத்தோட நிறுத்திடு."

ஆர்டித் சாக்லேட் கிண்ணத்தை மேஜை மேல் வைத்தாள்.

"தினமும் காலைல என்னைப் பாத்து, 'நீங்க எப்ப உங்க வீட்டுக்குப் போவீங்க?'ன்னு கேக்கறார். இந்த ஒரு சாயந்திரம்தான் எனக்குன்னு புருஷன் இருக்கார். இதையும் எடுத்துக்கிட்டுப் போயிடாதே."

சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே ஆப்பிள் சாறு பட்டை போட்டுச் சூடாகிக்கொண்டிருந்தது. அந்த வாசனை மெல்லக் கூடத்துக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம் காற்றில்லாமலே இலை உதிர்த்தது. டிவியின் சாம்பல் வெளிச்சம் சுவரில் நீரைப் போல ஆடியது. மெழுகுவத்திக்காரி இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை.

நடீன் அப்பாவுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நெற்றியில் பூச்சு வியர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது. அங்கியின் நாடா கழுத்தில் சிவப்பாகத் தடம் பதித்திருந்தது.

"போதும்பா. முகத்தைத் துடைச்சுக்கிட்டு நிம்மதியாப் படம் பாருங்க," என்று நாடாவின் முடிச்சை அவிழ்த்தாள்.

அவர் அவள் கையைப் பிடித்தார்.

"வேண்டாம்மா." இது பிரபுவின் குரல் இல்லை.

"உறுத்தலியா?"

"உறுத்துது."

"அப்புறம் என்ன?"

டெல்மர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

"எனக்கு பிரபுவும் தெரியாது, டிவியும் தெரியாது. அந்தம்மா யாருன்னும் தெரியல. ஆனா பாவம், எப்பப் பாத்தாலும் யாருக்கும் தெரியாம அழுதுக்கிட்டே இருக்காங்க. இதைப் போட்டுக்கிட்டு அவங்க சொல்றதைச் சொன்னா சிரிக்கறாங்க. அவங்க வர்றதுக்குள்ள கட்டிவிட்டுடும்மா."