அவ்வளவுதானா?

முதல் அடி விழுந்ததும் கணக்கு வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

சமையலறையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது. வருஷா வருஷம் இந்த நாளில் அவர் மனைவி செய்கிற காரியம்தான் அது. தண்ணீர்ச் சத்தத்தில் ஓர் அடிகூடத் தவறிவிடக் கூடாதாம்.

தெருமுனைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடிவைப் பலகையில் ஒட்டுவதெல்லாம் பிறகுதான். முதலில் காவலாளி மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டில் அடிப்பார். தேறியவர் ஒருவருக்கு ஓர் அடி. பெயர் கிடையாது, மார்க் கிடையாது. யார் ஆரம்பித்த வழக்கமோ, தெருவே அதைக் கேட்டு வளர்ந்தது.

இரண்டு. மூன்று.

மில் ஓடிய காலத்தில் அடித்து மாளாமல் காவலாளி கை மாற்றிக்கொள்வார். சைக்கிளில் போகிறவர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று எண்ணுவார்கள். சலூனில் பாதி முகம் சோப்போடு உட்கார்ந்திருப்பவர், கத்தியை எடுய்யா, எண்ணிக்கை விட்டுப்போகிறது என்பார். அது ஒரு காலம். இப்போது நினைத்தாலும் வாத்தியாருக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

பிறகு மில்லுக்குப் பூட்டு விழுந்தது. மில்காரப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு மூட்டை கட்டினார்கள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு வேன் ஏறிவிட்டார்கள்.

காலியான பெஞ்சுகளில் கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். வீட்டில் ஒரு பாஷை, வகுப்பில் ஒரு பாஷை. ஒருவனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் அவன் அப்பா கட்டிய மாடி எழும்பிவிடும். மறுநாள் அவன் இடம் காலி.

ஐந்து. ஆறு.

இந்த வருஷம் மொத்தமே பதினொரு பேர். அடுத்த வருஷம் அதுவும் இல்லை. பிள்ளைகள் போதவில்லை என்று பள்ளியை மூடி, பெரிய பள்ளியோடு சேர்க்கிறார்கள்.

ஓய்வு பெற்றாயிற்று, நமக்கென்ன வந்தது என்று அவரால் இருக்க முடியவில்லை. பதினொரு பேரையும் சாயங்காலமானால் தன் வீட்டு முன்னறையில் உட்கார வைத்துக் கணக்கில் பிழிந்தெடுத்தார். நூறு பேரில் ஒருவன் தோற்றால் சதவீதத்துக்கு வலிக்காது. பதினொன்றில் ஒன்று போனால் தொபுக்கென்று விழும். மூடுகிறவர்கள் மூடட்டும், நூற்றுக்கு நூறு வாங்கிய பள்ளியை மூடினோம் என்று அவர்களுக்கு உறுத்த வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

எட்டு. ஒன்பது.

பயமெல்லாம் அவர் சுண்டெலி என்று கூப்பிடுகிறவள் மேல்தான். கிரேன் ஓட்டுகிறவரின் மகள். பரீட்சை என்றால் தன் பெயரை எழுதவே கை நடுங்கும். ஒரு கணக்கை அவர் போட்டு முடித்ததும் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்பாள். அவள் மேல் அப்படி ஒரு கரிசனம்.

பத்து.

சத்தமில்லை. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பதினொன்று.

சுண்டெலி கரையேறிவிட்டாள்! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

இனி அவள் கேட்பாள். ஒவ்வொரு வருஷமும் கடைசி அடி ஓய்ந்ததும், கையில் இருப்பதைக் கீழே வைக்காமல், “அவ்வளவுதானா?” என்பாள். இத்தனை பேரைத் தேற்றியும் இவளுக்கு ஒரு குறையா என்று அவருக்குச் சுர்ரென்று வரும். இந்தத் தரம் பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. ஈர டம்ளரைக் கையில் பிடித்தபடி தெருப்பக்கம் காதைக் கொடுத்து நின்றாள்.

இன்னும் ஓர் அடி விழுந்தது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தோஷத்தில் இந்த மனுஷருக்கு எண்ணிக்கை மறந்துபோயிற்றா? கடைசி வருஷம் பார்த்து இப்படி மானத்தை வாங்குகிறாரே, கள்ளக் கணக்கு என்று சொல்லிவிட மாட்டார்களா? போய் ஒரு பிடி பிடிக்காமல் விடுவதில்லை என்று செருப்பைத் தேடி ஒரு காலை நுழைத்தார்.

“ஏங்க, அவர் சரியாத்தான் அடிச்சிருக்கார். அடுத்த வருஷம் இந்த மணி இருக்காதே, அதான்... நானும் பரீட்சையைத் தனியா எழுதிட்டேன். என் நம்பரையும் அவர்கிட்ட கொடுத்து வெச்சிருந்தேன்.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று பரீட்சை மாதத்தில் அவள் சில நாள் காலையில் கிளம்பிப் போய் மத்தியானம் திரும்பியது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டது யாருக்காக என்பதும்.

அவளும் அந்தப் பள்ளியில்தான் படித்தாள், பத்தாவது வரை. பரீட்சைக்கு முந்தின மாதம் கல்யாணம். பரீட்சை முடிந்ததும் வைத்துக்கொள்ளலாமே என்று பெண் வீட்டில் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். மாப்பிள்ளைக்கு அப்போதுதான் லீவு கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

கணக்கு வாத்தியார் வேலை. லீவு கிடைப்பது கஷ்டம்தான்.

ஒரு காலில் செருப்போடு அவர் அப்படியே நின்றார். தெரு பழைய சத்தத்துக்குத் திரும்பிவிட்டது.

இந்தத் தரம் அவள் அவ்வளவுதானா என்று கேட்கவில்லை. உள்ளே போய்க் குழாயைத் திறந்து, மிச்சப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள்.