தூணுக்குப் பின்னால்

அரங்கின் பக்கவாட்டு வரிசையில், என் நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு தூண். மேடையில் பாதியை, ராணியின் சிம்மாசனத்தோடு சேர்த்து, அது விழுங்கிவிட்டது. தூணைப் பற்றியும், கால் ஆடும் நாற்காலியைப் பற்றியும் டார்ச்சோடு நிற்கும் ஊழியரிடம் முறையிடுகிறேன். "டிக்கெட்டுல போட்ட சீட்டுதாம்மா. நான் என்ன பண்றது?" கொட்டாவியை முடிக்காமலே நகர்கிறார். ஒன்றாக வாங்கிய டிக்கெட்தான். கவுண்டரில் எங்களைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். நடு அரங்கில், மூன்றாம் வரிசையில், என் கணவர். மேடையின் மஞ்சள் வெளிச்சம் அவர் முகத்தில் வழிகிறது. ராணியாக நடிப்பவளின் குரல் மட்டும் தூணைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வருகிறது. அவள் சிரிக்கிறாள், இவர் உதடு விரிகிறது. அவள் விசும்புகிறாள், இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஒரு நொடியும் தவறவிடக்கூடாதென்று அவசரமாக மாட்டிக்கொள்கிறார். என் பிரசவத்தன்றுகூட நனையாத கண்ணாடி அது. கையிலிருக்கும் நிகழ்ச்சித் தாளில் ராணியின் படத்தை நகத்தால் கீறுகிறேன். டார்ச் வெளிச்சம் என் காலடிக்குத் திரும்பி வருகிறது. "அம்மா, முன்னால ஒரு சீட்டு காலியா இருக்கு. வாங்க, அங்கேருந்து நல்லாத் தெரியும்." கணவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறேன்: "வேணாம்ப்பா. எனக்கு இங்கேருந்தே எல்லாம் தெரியுது."